கிரிக்கெட் வாரியம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வர வேண்டுமா?

மேற்கு மாம்பலத்தான்:
2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தில் ஒரே ஓர் இடத்தைப் பற்றி மட்டும் இங்கே பேச விரும்புகிறேன். ஜூலையில் மசோதா அறிமுகமானபோது, அங்கீகாரம் பெற்ற விளையாட்டு அமைப்புகள் அனைத்தும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பொது அதிகார அமைப்புகளாக, அதாவது குடிமக்கள் கேட்கும் தகவலைத் தரக் கடமைப்பட்டவையாக, கருதப்படும் என்று அதில் இருந்தது. சட்டமாகி வெளிவந்தபோதோ, அரசின் மானியமோ வேறு நிதியுதவியோ பெறும் அமைப்புகளுக்கு மட்டும் என்று அது சுருங்கிவிட்டது. அரசிடம் நிதி பெறாத இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் இப்படித்தான் தப்பித்துக்கொண்டது. இந்த அளவுகோல் சரிதானா?

பதிவுத்துறைக்காரர்:
"தப்பித்துக்கொண்டது" என்று கேள்வியிலேயே தீர்ப்பையும் எழுதிவிட்டீர்கள். 1928-இல் தொடங்கிய அந்த வாரியம், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் வரும் ஒரு சங்கம். நம் அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு எந்தச் சட்டமோ, அதே சட்டம்தான் அதற்கும். சங்கம் அமைத்துக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு தருகிறது. ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வாரியம் "அரசு" என்ற வரையறைக்குள் வராது என்று மூவர்க்கு இருவர் என்ற பெரும்பான்மையில் கூறிவிட்டது. பத்துப் பைசாகூட வாங்காதவனிடம் போய்க் கணக்கைக் காட்டு என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

மேற்கு மாம்பலத்தான்:
அந்தத் தீர்ப்பில் பாதியைத்தான் சொல்கிறீர்கள், ஐயா. வாரியம் அரசு அல்ல என்ற அதே தீர்ப்பு, அது செய்வது பொதுப்பணி என்பதால் அதற்கு எதிராக 226-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் சொன்னது.

அந்த வழி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு, வாரியத்தின் பழைய விதி 6.2.4-ஐ எடுத்துப் பாருங்கள். வாரிய நிர்வாகி எவரும் வாரியம் நடத்தும் ஆட்டங்களில் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக நலன் கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் அந்த விதி. 2008 செப்டம்பரில், ஐபிஎல், சாம்பியன்ஸ் லீக் போன்றவை நீங்கலாக என்று அதில் சில சொற்கள் சேர்க்கப்பட்டன. அந்தச் சில சொற்களின் நிழலில்தான், வாரியத்தில் பொருளாளராகவும் பின்னர் தலைவராகவும் இருந்த என். சீனிவாசனின் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை வைத்திருந்தது. (நானும் மஞ்சள் சட்டைக்காரன்தான், ஆயினும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.) நீதிபதிகள் தாக்கூரும் இப்ராஹிம் கலிஃபுல்லாவும் அந்தத் திருத்தம் செல்லாது என்று 2015 ஜனவரி 22-இல் கூறும்வரை ஆறு ஆண்டுகளுக்கு மேல் அது நடைமுறையில் இருந்தது, அதற்கும்கூட 2013-இன் ஐபிஎல் சூதாட்ட விவகாரம் வெடிக்க வேண்டியிருந்தது.

பத்துப் பைசா பற்றியும் ஒரு சொல். சேப்பாக்கம் மைதானத்தின் நிலம் அரசுடையது. வாரியத்தின் உறுப்பான மாநிலக் கிரிக்கெட் சங்கம் அதைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. ஐ, ஜே, கே என்ற மூன்று மாடங்களுக்கு அனுமதி கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் அவை வெறிச்சோடிக் கிடந்ததையும், அதனாலேயே 2019 ஐபிஎல் இறுதி ஆட்டம் ஐதராபாத்துக்குப் போனதையும் நாம் பார்த்தோம். அரசுக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

கால்பந்துப் பிரியை:
பொதுப்பணி என்ற கதவைத் திறந்துவிட்டால் பின்னால் யார் யார் நுழைவார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை உச்ச நீதிமன்றம் அமைத்த நிர்வாகக் குழு நடத்திக்கொண்டிருந்தபோது, மூன்றாம் தரப்பின் தலையீடு என்று காரணம் காட்டி 2022 ஆகஸ்டில் ஃபிஃபா அதை இடைநீக்கம் செய்தது. ஆசிய மகளிர் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா அணிப் பெண்கள், ஒரு பந்தைக்கூட உதைக்காமல் ஊர் திரும்பினார்கள். தடை அதே மாதத்தில் நீங்கியது. அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையும் இங்கே நடந்தது. ஆனால் அந்த அணிக்குப் போன வாய்ப்பு போனதுதான். சண்டை நிர்வாகிகளுக்கும் நீதிமன்றத்துக்கும். அடி வாங்கியவர்கள் அந்தப் பெண்கள்.

யாழ் வாசகன்:
எங்கள் நாட்டிலும் இதுவே நடந்தது. 2023 உலகக் கோப்பையில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்ட கையோடு, விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்து இடைக்காலக் குழுவை நியமித்தார். சில நாட்களில் சர்வதேசக் கிரிக்கெட் பேரவை இலங்கையை இடைநிறுத்தியது. 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை எங்களிடமிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. சபைமீது மக்களுக்கிருந்த கோபம் நியாயமானதே. அமைச்சர் எடுத்த ஆயுதம்தான் பிழை.

மேற்கு மாம்பலத்தான்:
நீங்கள் இருவரும் சொன்னவை நாற்காலியிலிருந்து ஆளை எழுப்பிய கதைகள். நான் கேட்பது அதுவன்று. மேசைமேல் இருக்கும் காகிதத்தின் படியை மட்டுமே. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் அரசு உதவி பெறும் தேசியக் கூட்டமைப்புகள் பொது அதிகார அமைப்புகளே என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010-லேயே அறிவித்துவிட்டது. கேள்விக்குப் பதில் எழுதிய குற்றத்துக்காக அவற்றுள் எதையும் சர்வதேச அமைப்பு இடைநீக்கம் செய்ததாகச் சொல்ல முடியுமா? சட்ட ஆணையமும் 2018-இல் தன் 275-ஆம் அறிக்கையில் கிரிக்கெட் வாரியத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவரவே பரிந்துரைத்தது. அதே ஆண்டு மத்தியத் தகவல் ஆணையமும் அவ்வாறே ஆணையிட, வாரியம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது.

பதிவுத்துறைக்காரர்:
இடைநீக்க அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், அணியில் இடம் கிடைக்காத ஒவ்வொரு பையனின் மாமாவும் பத்து ரூபாய் வில்லையை ஒட்டி, என் மருமகனை ஏன் எடுக்கவில்லை என்று மனுப் போடத் தொடங்கினால், தேர்வுக் குழு ஆட்டத்தைப் பார்க்குமா, பதில் எழுதிக்கொண்டிருக்குமா? நிதியுதவி என்பது கணக்குப் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய கோடு. பொதுப்பணி என்பது யார் இழுத்தாலும் நீளும்.

இடக்கைச் சுழல்:
அந்த மாமாக்களில் ஒருவர் என் மாமாதான். பல ஆண்டுகளுக்கு முன் மாவட்ட அணித் தேர்வில் ஆளுக்கு ஆறு பந்துகள் வீசச் சொன்னார்கள். மாலையில் கதவில் ஒட்டிய பட்டியலில், அன்று மைதானத்தின் பக்கமே தலைகாட்டாத இருவரின் பெயர்கள் இருந்தன. செயலாளரிடம் கேட்டபோது, "இது எங்கள் சங்கம், தம்பி" என்றார். மதிப்பெண் பட்டியலின் படியைக் கேட்டு மாமா அனுப்பிய மனு, தாங்கள் பொது அதிகார அமைப்பு அல்ல என்ற ஒற்றை வரியுடன் திரும்பி வந்தது. ஒட்டிய வில்லைகூட அப்படியே இருந்தது. சங்கம் அவர்களுடையது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கப் போனால், கையில் இருக்க வேண்டியது இத்தகைய சங்கங்களின் அணிகளில் ஆடியதற்கான சான்றிதழ். யாருக்கு அரசு வேலை என்பதில் அந்தக் கதவில் ஒட்டிய காகிதத்துக்கும் பங்கு உண்டு.

பதிவுத்துறைக்காரர்:
வாரியத்தைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால், அரசு வேலைக்கு அடிப்படையாகும் தேர்வையும் சான்றிதழையும் பொறுத்தவரை மட்டும், நிதி பெறாத சங்கமும் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று ஒரு திருத்தம் வந்தால் அதை எதிர்க்க என்னிடம் வாதம் இல்லை. இப்போதுள்ள வாசகம் பணம் வாங்கினாயா என்று மட்டுமே கேட்கிறது. தங்கள் மாமாவின் மனு இன்று போனாலும் திரும்பித்தான் வரும்.