அரசியல் பொருளாதாரத்தை இளங்கலையில் படித்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அரசியல், பொருளியல், வரலாறு மூன்றையும் சேர்த்துப் படிக்கும் இந்தப் படிப்பு எனக்குப் பிடிபட்டது இரண்டாம் ஆண்டில், பிரிட்டனின் தானியச் சட்டங்களைப் படித்தபோது. 1815 சட்டப்படி, உள்நாட்டுக் கோதுமை விலை குவார்ட்டருக்கு (அன்றைய தானிய அளவை) 80 ஷில்லிங்கைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமையை அங்கே விற்க முடியாது. பொருளியல் வகுப்பில் அக்காலப் பொருளியலாளர் ரிக்கார்டோவை வைத்து இதைப் பார்த்திருந்தோம்: தானிய விலை ஏறினால் நிலவாடகை ஏறும், கூலி ஏறும், தொழில் லாபம் குறையும். ஆகவே சட்டம் போக வேண்டும், கணக்கு முடிந்தது.

சரி, அப்படியானால் சிற்சில திருத்தங்களோடு 1846 வரை அது எப்படி நீடித்தது? நாடாளுமன்றம் நிலவுடைமையாளர்கள் கையில் இருந்தது என்று அரசியல் வகுப்பு பதில் சொன்னது. ஆனால் சட்டத்தை நீக்கியவர் பிரதமர் ராபர்ட் பீல், அதே நிலவுடைமையாளர்களின் கட்சித் தலைவர்! சொந்தக் கட்சியில் பெரும்பாலோர் எதிர்த்து வாக்களித்தார்கள். சட்டம் நீங்கிய அதே ஜூனில் பதவியும் போனது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்ததா காரணம், சட்டத்தை எதிர்த்துக் காப்டன் நடத்திய இயக்கமா, பீலின் மனமாற்றமா? பொருளியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் எங்கள் முன்னாலேயே வாதிட்டார்கள், கடைசிவரை ஒத்துப்போகவில்லை. தனித்தனித் துறையில் இருந்திருந்தால் இருவரில் ஒருவரை மட்டும்தான் கேட்டிருப்பேன்.

பதில்:
உண்மைதான். ஆனால் உழைப்பு இரட்டிப்பு என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு துறையில் கட்டுரைக்குச் சான்று என்றால் ஆவணம். அடுத்த துறையில் தரவு அட்டவணை. 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றி எழுதும்போது இது உறைத்தது. உணவு இருப்பு பெரிதாகக் குறையவில்லை, வாங்கும் சக்தியை இழந்தவர்களே மடிந்தார்கள் என்று அமர்த்தியா சென் 1981இல் வாதிட்டார். அவர் பயன்படுத்திய விளைச்சல் கணக்கையே சந்தேகித்தவர்களும் உண்டு. அந்த எண்களை நானே பிரித்துப் பார்க்கப் புள்ளியியல் கைகொடுத்தது. முதல் ஆண்டிலேயே அதைப் படித்துவிடுங்கள். கோட்பாட்டைப் பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம், புள்ளியியல் அப்படி வராது.

பதில்:
வேலை நேர்காணலில் “எந்தத் துறையிலும் ஆழம் இருக்காதே?” என்று கேட்டார்கள். எலினார் ஆஸ்ட்ரமைச் சொன்னேன். அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். பொதுவளங்களைச் சந்தையோ அரசோதான் காக்கும் என்றிருந்த இடத்தில், ஊர் மக்களே விதி வகுத்துப் பாசனத்தையும் மீன்வளத்தையும் காப்பதைக் களத்தில் காட்டியவர். அதன் பிறகு என் ஆய்வேட்டைப் பற்றித்தான் விரிவாகக் கேட்டார்கள். சேரப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இறுதியாண்டு ஆய்வேடு கட்டாயமா, அதற்கு இரண்டு துறைகளிலிருந்து வழிகாட்டிகள் கிடைப்பார்களா? ஆய்வேடு இல்லாத இடத்தில் வெவ்வேறு துறைப் பாடங்கள் தனித்தனியாகவே நின்றுவிடுகின்றன.