எர்த் கொடுத்த பிறகு மைக்கில் ஷாக் கூடிவிட்டது: ஹாம் ரேடியோவின் 40 மீட்டர் பேண்டுக்கு எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் ஊட்டம் தரும்) ஆன்டெனா, உதவி தேவை

மாடிக்கம்பி:
வணக்கம் ஓஎம்களே (ஹாம் நண்பர்களே). மதுரையில் மூன்றாவது மாடி ஃப்ளாட். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், ஆன்டெனா ஒயரை 50 ஓம் கேபிளுக்குப் பொருத்தும் 49:1 டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி, அதிலிருந்து தண்ணீர்த் தொட்டி மேல் நட்ட மூங்கில் வரை 20.4 மீட்டர் பிவிசி ஒயர். பெட்டியிலிருந்து அறைக்கு 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். பவர் 50 வாட்.

7.1 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது மைக் உதட்டில் பட்டால் சுரீர் என்கிறது. எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழி டிஜிட்டல் முறை) ஓட்டினால் லேப்டாப்பில் யுஎஸ்பி அறுந்துபோகிறது. எர்த் இல்லாததால்தான் இப்படி என்று நண்பர் சொன்னார். ரேடியோவின் பின்னாலுள்ள எர்த் திருகிலிருந்து பச்சை ஒயரைச் சுவரோரமாக இறக்கி, மீட்டர் பெட்டி பக்கத்திலுள்ள எர்த் பிட்டில் (வீட்டு எர்த் மண்ணில் இறங்கும் குழியில்) சேர்த்தேன். நீளம் சுமார் 11 மீட்டர். இப்போது ரேடியோவின் உடம்பைத் தொட்டாலே அடிக்கிறது.

எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் கச்சிதம்) 1.6 காட்டுகிறது, கேபிளைக் கையால் பிடித்தால் 2-ஐத் தாண்டுகிறது. பிட்டில் உப்பும் கரியும் போட வேண்டுமா? இன்னொன்று, மல்டிமீட்டரில் கேபிளின் நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் (வெளிப் பின்னலுக்கும்) வைத்தால் பீப் அடிக்கிறது. எங்காவது ஷார்ட்டா?

பழைய ஒயர்மேன்:
பிட் காய்ந்திருக்கும் சார். ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள்: பேசாமல் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும்போதும் ஷாக் இருக்கிறதா? இருந்தால் அது 230 வோல்ட் சமாச்சாரம். எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை) பவர் சப்ளைக்குள் ஃபில்டர் கெபாசிட்டர்கள் உண்டு. சுவர் சாக்கெட்டில் மூன்றாவது பின்னுக்கு எர்த் வராவிட்டால் அந்தக் கசிவு ரேடியோவின் உடம்புக்கு வந்துவிடும்.

மாடிக்கம்பி:
கேட்கும்போது ஒன்றுமே இல்லை அண்ணே. பிடிடி (மைக்கில் பேசும்போது அழுத்தும் பட்டன்) அழுத்தினால் மட்டும்தான். சாக்கெட்டில் எர்த் இருக்கிறது, எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டார்.

ஏழுமெகா:
அப்படியென்றால் உப்பு, கரி, தண்ணீர் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். பிட் நன்றாகத்தான் இருக்கும். சிக்கல் அந்த 11 மீட்டரில் இருக்கிறது.

7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 42 மீட்டர் சொச்சம். அதில் கால் பங்கு பத்தரை மீட்டர். பிவிசி உறையும் சுவரும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் குறைக்கும். அதாவது உங்கள் எர்த் ஒயர் ஏறக்குறைய சரியாகக் கால் அலை. கால் அலைக் கம்பியின் ஒரு முனையை மண்ணில் புதைத்தால் மறு முனை நேர் எதிராக நடந்துகொள்ளும். கீழே வோல்டேஜ் இல்லை, மேலே ரேடியோ இருக்கும் இடத்தில் உச்சம். பிட் எவ்வளவு நல்லதோ, 7 மெகாஹெர்ட்ஸில் மேல் முனை அவ்வளவு மோசம். 50 ஹெர்ட்ஸுக்கு மட்டும் அது அருமையான எர்த்.

ஆனால் ஷாக்குக்கு மூல காரணம் அதுவும் இல்லை. அது வருவதற்கு முன்பே ஷாக் இருந்ததே. எண்ட்-ஃபெட் ஆன்டெனாவில் ஒயருக்குள் போகிற கரண்டுக்குச் சமமான ஒரு கரண்ட் மறுபக்கம் போயாக வேண்டும். நீங்கள் கவுன்டர்பாய்ஸ் (அந்த எதிர்க் கரண்ட் போவதற்கான சிறு ஒயர்) போட்டதாகச் சொல்லவில்லை. எனவே அது கேபிள் ஷீல்டின் வெளிப்புறம் வழியாக இறங்கி, ரேடியோ, மைக், யுஎஸ்பி, இப்போது பச்சை ஒயர் என்று எல்லாவற்றிலும் பாய்கிறது. கேபிளைப் பிடித்ததும் எஸ்டபிள்யூஆர் மாறுவது இதற்குச் சாட்சி. கேபிளே ஆன்டெனாவின் ஒரு பாகமாகிவிட்டது.

பீப் பற்றிக் கவலை வேண்டாம். 49:1 ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் சுருளின் ஒரு முனை ஷீல்டோடுதான் சேர்ந்திருக்கும். டிசிக்கு ஷார்ட் காட்டினால்தான் சரி. டைபோல் (நடுவில் ஊட்டம் தரும் இரு கை ஆன்டெனா) போட்டு பேலன் (கேபிளுக்கும் அதற்கும் இடையே வைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இல்லாமல் இப்படிக் காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

செம்புச்சுருள்:
ஏழுமெகா அண்ணன் சொல்வது சரி. ஷீல்டின் வெளிப்புறக் கரண்டைத் தடுக்க ஒரு சோக் (கேபிளைச் சுற்றிய ஃபெரைட் வளையம்) வேண்டும். ஆனால் அதைச் சுற்றுவதற்கு முன் கேபிளையும் பெட்டியையும் தனித்தனியாகச் சோதித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு எது மாறியது என்றே தெரியாது. நானோவிஎன்ஏ (ஆன்டெனா, கேபிள் அளக்கும் சிறு கருவி) இருக்கிறதா? இருந்தால் ஓபன், ஷார்ட், லோடு மூன்றும் வைத்துக் காலிபரேட் செய்துகொண்டு, கேபிளின் மாடி முனையைத் திறந்துவிட்டு அறையிலிருந்து ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வரும் சிக்னல் எத்தனை டிபி, அதாவது டெசிபல், குறைந்தது என்பது) பாருங்கள். சிக்னல் போய்த் திரும்பி வருவதால், காட்டுவதில் பாதிதான் கேபிளின் இழப்பு. நல்ல ஆர்ஜி-58 என்றால் 15 மீட்டருக்கு 7 மெகாஹெர்ட்ஸில் 1 முதல் ஒன்றரை டிபிக்குள் காட்டும். 5, 6 என்று வந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. தண்ணீர் குடித்த கேபிள் எஸ்டபிள்யூஆரை நன்றாகவே காட்டும், அதை நம்பிப் பலர் ஏமாறுவார்கள்.

பெட்டிக்கு: ஒயரைக் கழற்றிவிட்டு, 1.2 கிலோ ஓம் கார்பன் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக ஒயர் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே வையுங்கள். எஸ்டபிள்யூஆர் 1.5-க்குள் வந்தால் சுருள் நன்று. இதை விஎன்ஏவில் மட்டும் செய்யுங்கள், ரேடியோவில் அழுத்திவிடாதீர்கள், ரெசிஸ்டர் புகைந்துவிடும். விஎன்ஏவை ஆன்டெனாவோடு இணைக்கும்போது, முதலில் கேபிளின் நடுக்கம்பியை ஒரு தடவை ஷீல்டில் தொட்டுவிடுவது நல்ல பழக்கம். நீண்ட ஒயரில் காற்றடித்தாலே ஸ்டாட்டிக் ஏறும்.

ஏழுமெகா:
இரண்டும் தேறினால்: பெட்டியின் எர்த் திருகில் 2 மீட்டர் ஒயர் ஒன்றைக் கவுன்டர்பாய்ஸாகத் தொங்கவிடுங்கள். 31 அல்லது 43 ரகப் பெரிய ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, பெட்டிக்கு அடியிலேயே மாட்டுங்கள். அறைக்குள் நுழையும் இடத்தில் இன்னொன்று இருந்தால் நல்லது. பச்சை ஒயரை ரேடியோவிலிருந்து கழற்றிவிடுங்கள். அதன் உடம்புக்குத் தேவையான எர்த் பவர் சப்ளையின் மூன்றாவது பின் வழியே வந்துவிடும்.

அந்த மாடியில் துணி காயப்போடுவார்களா? ஒயர் தொடங்கும் முனையில் 50 வாட்டுக்கே சுமார் 350 வோல்ட் நிற்கும். குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

மாடிக்கம்பி:
செய்துவிட்டேன். கேபிள் 1.3 டிபி, பெட்டி 1.3 எஸ்டபிள்யூஆர். சோக் மாட்டிய பிறகு மைக்கில் ஷாக் சுத்தமாக இல்லை, யுஎஸ்பியும் அறுவதில்லை. கேபிளை எங்கே பிடித்தாலும் முள் அசையவில்லை. ஆனால் டிப் (எஸ்டபிள்யூஆர் மிகக் குறையும் இடம்) 6.85 மெகாஹெர்ட்ஸுக்குப் போய்விட்டது! 7.1-ல் இப்போது 2.3. முன்பு நன்றாக இருந்ததே?

செம்புச்சுருள்:
முன்பு பார்த்த 1.6 கேபிளையும் பச்சை ஒயரையும் சேர்த்து அளந்தது. இப்போதுதான் ஆன்டெனாவை மட்டும் பார்க்கிறீர்கள். 20.4-ஐ 6.85-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 19.68. ஆகவே 72 சென்டிமீட்டர் குறைய வேண்டும். வெட்டாதீர்கள், முனையை மடித்து ஒயரின் மேலேயே இறுக்கிச் சுற்றிவிட்டு அளந்து பாருங்கள். மடிப்பு கொஞ்சம் கூடக்குறைய நடந்துகொள்ளும், அரை மீட்டரிலிருந்து தொடங்குங்கள்.

மாடிக்கம்பி:
கழற்றிய பச்சை ஒயரை என்ன செய்வது? மழைக்காலம் வருகிறது, இடிக்கு ஏதாவது வேண்டுமே.

பழைய ஒயர்மேன்:
வீணாக்க வேண்டாம். கேபிள் ஜன்னல் வழியாக நுழையும் இடத்தில், வெளிச் சுவரில் ஒரு அரெஸ்டர் (மிகை வோல்டேஜை எர்த்துக்கு விடும் பெட்டி) வைத்து அதிலிருந்து இந்த ஒயரைப் பிட்டுக்கு இறக்குங்கள். வீட்டு எர்த் சேரும் அதே பிட்டாக இருக்கட்டும். தனியாக ஒரு ராடு அடித்து இணைக்காமல் விட்டால், இடி விழும் நேரத்தில் இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம் உங்கள் ரேடியோ வழியாகத்தான் பாயும். கேஸ் குழாய்ப் பக்கம் போகவே போகாதீர்கள். இதெல்லாம் ஸ்டாட்டிக்குக்கும் தூரத்து இடிக்கும்தான். நேரே விழுந்தால் எதுவும் தாங்காது. வானம் இருட்டினால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு, பவர் சப்ளை பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

மாடிக்கம்பி:
நன்றி அண்ணே. அரெஸ்டருக்குள் 90 வோல்ட் கேஸ் டியூப் (அந்த வோல்டேஜ் வந்தால் பற்றிக்கொள்ளும் வாயு அடைத்த குமிழ்) போடலாமா, 230-ஆ?

ஏழுமெகா:
50 வாட்டுக்கு 50 ஓம் கேபிளில் உச்ச வோல்டேஜ் 71. எஸ்டபிள்யூஆர் 2 ஆனால் 100-ஐத் தொடும், 90 வோல்ட் டியூப் நீங்கள் பேசும்போதே பற்றிக்கொள்ளும். 230 போடுங்கள். 73 (ஹாம்களின் வாழ்த்து).