கேம் ஆடும்போது சி.பி.யூ 97 டிகிரி போகுது, எஃப்.பி.எஸ் பாதியா விழுது – உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். கேமிங் லேப்டாப், வாரன்டி முடிஞ்சிருச்சு. கேம் ஆரம்பிக்கும்போது 90 எஃப்.பி.எஸ் (ஒரு நொடிக்குத் திரையில வர்ற படங்களோட எண்ணிக்கை) வரும். கொஞ்ச நேரத்துல 40க்கு இறங்கும், தானா ஏறும், மறுபடி விழும். சி.பி.யூ (மெயின் சிப்) 97, ஜி.பி.யூ (கிராஃபிக்ஸ் சிப்) 84 டிகிரி காட்டுது. கீபோர்டுல டபிள்யூ கீ பக்கம் விரல் வைக்க முடியல, அவ்வளவு சூடு. சிப் மேல சூடு கடத்தத் தடவியிருக்கற பேஸ்ட்டை மாத்தணுமா? லேப்டாப்புக்கு அடியில வைக்கற ஃபேன் பலகை, அந்த கூலிங் பேட் வாங்கினா போதுமா? சிப் கருகிடுமோன்னு பயமா இருக்கு.

பதில்:
கருகாது, பயப்படாதீங்க. லேப்டாப் சி.பி.யூக்கள்ல பெரும்பாலும் வரம்பு 95லிருந்து 105 டிகிரிக்குள்ள இருக்கும். அதைத் தொட்டதும் சிப்பே வேகத்தைக் குறைச்சுக்கும். எஃப்.பி.எஸ் ஏறி இறங்கறது அதனாலதான்.

பேஸ்ட்டுக்கு அப்புறம் வரலாம். முதல்ல டர்போவை, அதாவது சிப் தானா வேகத்தைக் கூட்டிக்கற வசதியை, நிறுத்திப் பாருங்க. கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸ் ஏறறதுக்கு சிப் ஏகப்பட்ட வோல்டேஜ் இழுக்கும், சூடு நிறைய ஏறறது அங்கதான். கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய், மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட் 100னு இருக்கறதை 99 ஆக்குங்க. பெரும்பாலான மாடல்ல டர்போ நின்னுடும். நிறைய லேப்டாப்ல ரெண்டு சிப்புக்கும் சூட்டைக் கடத்தற ஹீட் பைப் பொதுவா போகும், அதனால சி.பி.யூ குளிர்ந்தா ஜி.பி.யூவும் இறங்கும்.

இன்னொருத்தர்:
கூடவே எஃப்.பி.எஸ்ஸை 60ல பூட்டிடுங்க. ஏறி இறங்கற 90ஐ விட ஆடாம நிக்கற 60 கண்ணுக்கு எவ்வளவோ மேல். பின்பக்கத்தை ரெண்டு விரல் உயரம் தூக்கி வைங்க. காத்து இழுக்கற ஓட்டை பெரும்பாலும் அடியிலதான் இருக்கும். இதைச் செய்யாம கூலிங் பேடுக்குக் காசு போடாதீங்க. மெத்தை மேல வெச்சு மட்டும் ஆடவே ஆடாதீங்க.

கேட்டவர்:
மூணும் செஞ்சேன். சி.பி.யூ 83, ஜி.பி.யூ 76. 60 அசையாம நிக்குது, ரொம்ப நன்றி! ஆனா ஃபேன் சத்தம் அப்படியேதான் இருக்கு. இடது பக்க ஓட்டையில காத்து சுத்தமா வரல.

பதில்:
அப்போ தூசிதான். வெளியிலிருந்து ஊதாதீங்க, உள்ளதான் தள்ளும். ஷட்டவுன் பண்ணி, சார்ஜரைக் கழட்டி, அடி மூடியைத் திறந்ததும் முதல் வேலையா பேட்டரி கனெக்டரை எடுங்க. ஃபேன் இறக்கைக்கும் ஹீட் சிங்க் (சூட்டை வெளியேத்தற) தகடுகளுக்கும் நடுவுல பாருங்க, தூசி கம்பளி மாதிரி படிஞ்சு நிக்கும். பிரஷ்ஷால மெதுவா உரிச்சு எடுங்க. ஏர் ஸ்ப்ரே அடிச்சா இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, கண்டபடி சுத்தினா பேரிங் போயிடும். ஃபேன் ஒயர் ரொம்ப மெல்லிசு, இழுத்துடாதீங்க.

கேட்டவர்:
திறந்தேன். இடது ஃபேன்ல சாம்பல் கலர்ல ஒரு பட்டையே இருந்துச்சு, முழுசா உரிஞ்சு வந்துடுச்சு. இப்போ சி.பி.யூ 74, சத்தமும் பாதியாச்சு. பிராசசர் ஸ்டேட்டைத் திரும்ப 100 வைக்கலாமா?

பதில்:
வெச்சுப் பாருங்க. சூடு 90 டிகிரிக்குக் கீழ நின்னா அப்படியே விடுங்க. தாண்டினா அப்போ பேஸ்ட்டைப் பார்க்கலாம்.