பி.எட் முடிச்சா டீச்சர் வேலையா?

அம்மா: திவ்யாவுக்கு டிகிரி ரிசல்ட் வந்துடுச்சு. பாஸ். எல்லாரும் ஆசீர்வாதம் பண்ணுங்க 🙏

சித்தப்பா: வாழ்த்துகள் தங்கம் 💐💐💐

அம்மா: கவர்மென்ட் ஸ்கூல் டீச்சராகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. தெரிஞ்சவர் ஒருத்தர், வெளி மாநிலத்துல பி.எட் போட்டுத் தரேன், காலேஜுக்கே போக வேண்டாம், பரீட்சை மட்டும் எழுதினா போதும்ங்கிறார். சாந்தி அக்கா, நீங்க கவர்மென்ட் டீச்சராச்சே, என்ன சொல்றீங்க?

பெரியம்மா: வேண்டவே வேண்டாம் கவிதா.

பெரியம்மா: பி.எட்டுல உருப்படியான விஷயமே பள்ளிக்கூடத்துக்குப் போய் பாடம் எடுக்கிற பயிற்சிதான். மத்ததெல்லாம் புத்தகத்துலயே இருக்கு. என்.சி.டி.இ.ன்னு ஆசிரியர் படிப்புக்கெல்லாம் ஒரு மத்திய அமைப்பு இருக்கு, அதோட அங்கீகாரம் இல்லாத காலேஜ்னா சர்டிபிகேட் சரிபார்ப்புலயே திருப்பி அனுப்பிடுவாங்க.

சித்தப்பா: நீங்க ஒரே வருஷத்துல முடிச்சீங்களே அண்ணி

பெரியம்மா: அது அந்தக் காலம் தம்பி. 2015ல இருந்து ரெண்டு வருஷம் ஆக்கிட்டாங்க.

அம்மா: சரி, ரெண்டு வருஷம் படிக்கட்டும். முடிச்சா ஒண்ணாப்பு ரெண்டாப்புக்குப் போட்டுடுவாங்கல்ல? சின்னப் பிள்ளைங்கன்னா இவளுக்கு உசுரு.

பிரியா அக்கா: இல்ல சித்தி. பி.எட்டை வச்சு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எடுக்க முடியாது. 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அதுக்கு டி.எல்.எட் படிக்கணும். நம்ம பழைய டீச்சர் ட்ரெய்னிங்தான் அது.

திவ்யா: அக்கா அப்ப நான் டிகிரி படிச்சதே வேஸ்ட்டா 😭

பிரியா அக்கா: அழாத. எந்த கிளாஸுக்குப் போகணும்னு முதல்ல முடிவு பண்ணு, அப்புறம்தான் காலேஜ். சின்னப் பிள்ளைங்கதான் வேணும்னா டி.எல்.எட், அப்புறம் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, அதுல பேப்பர் 1. இடைநிலை ஆசிரியர். அதுக்கு பிளஸ் டூவே போதும், ஆனா அதுவும் ரெண்டு வருஷம்.

பிரியா அக்கா: ஆறுல இருந்து பத்து வரைன்னா டிகிரி, பி.எட், டெட் பேப்பர் 2. பட்டதாரி ஆசிரியர். பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கணும்னா இன்னும் எம்.எஸ்சி முடிச்சு ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி) நடத்துற பி.ஜி டி.ஆர்.பி தேர்வு எழுதணும். அதுக்கு டெட் கிடையாது.

திவ்யா: எனக்கு எட்டாவது ஒன்பதாவது பசங்களுக்கு அல்ஜீப்ரா எடுக்கத்தான் ஆசை. அம்மாதான் சின்னப் பிள்ளைங்கன்னு சொல்றாங்க

அம்மா: வீட்டுப் பக்கத்துல இருக்குமேன்னு சொன்னேன்டி

சித்தப்பா: ⏩ பலமுறை பகிரப்பட்டது
*அவசரச் செய்தி!! டெட் சான்றிதழ் 7 ஆண்டுகள் மட்டுமே செல்லும். உடனே அனைவருக்கும் பகிரவும்!!*

பிரியா அக்கா: சித்தப்பா 🤦‍♀️ 2021லேயே அதை ஆயுள் முழுக்கச் செல்லும்னு மாத்தியாச்சு. 2011ல இருந்து பாஸ் பண்ணவங்களுக்கும் சேர்த்து.

சித்தப்பா: எனக்கு வந்துச்சு, அப்படியே அனுப்பினேன்மா

பிரியா அக்கா: என் சர்டிபிகேட்டும் ஆயுள் முழுக்கச் செல்லும். பீரோக்குள்ள பத்திரமா இருக்கு. வேலைதான் இல்ல.

அம்மா: அதான் எனக்குப் புரியல பிரியா. டெட் பாஸ்னா வேலைதானே?

பிரியா அக்கா: டெட்ங்கிறது டிரைவிங் லைசென்ஸ் மாதிரி சித்தி. ஓட்டலாம்னு சொல்வாங்க, வண்டி தர மாட்டாங்க. 2018ல அரசாணை 149 வந்ததுல இருந்து டெட் பாஸ் பண்ணவங்களுக்குத் தனியா ஒரு போட்டித் தேர்வு. டி.ஆர்.பி அறிவிப்பு வந்தாத்தான் அதுவும். பட்டதாரி ஆசிரியருக்கு 2024 பிப்ரவரில வச்சாங்க. நானும் எழுதினேன், கட் ஆஃப் தாண்டல.

பெரியம்மா: அந்தத் தேர்வுல தமிழ்த் தகுதித் தாள் ஒண்ணு இருக்கு திவ்யா. 50 மார்க்குக்கு 20 எடுத்தே ஆகணும். எடுக்கலன்னா உன் மேத்ஸ் பேப்பரை எடுத்தே பார்க்க மாட்டாங்க. "நாளை வருவேண்"னு மூணு சுழி போட்டு அனுப்பினியே போன வாரம், அதைக் கொஞ்சம் கவனி.

திவ்யா: பெரியம்மா அது ஆட்டோ கரெக்ட் 🙈

சித்தப்பா: டெட்ல எவ்வளவு எடுக்கணும்?

பிரியா அக்கா: 150க்கு 90. நமக்கு பி.சி.ங்கிறதால அதைவிடக் கொஞ்சம் குறைச்சு எடுத்தாலும் போதும். மைனஸ் மார்க் கிடையாது, எதையும் விடாத. பேப்பர் 2ல மேத்ஸ், சயின்ஸ் சேர்ந்து 60. தமிழ் 30, இங்கிலீஷ் 30, சைக்காலஜி 30. அந்த சைக்காலஜியிலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. பாடம் தெரிஞ்சவங்களும்தான்.

பெரியம்மா: 2012ல முதல் டெட் நடந்தப்ப ஆறரை லட்சம் பேருக்கு மேல எழுதி 2448 பேர்தான் தேறினாங்க. ஒன்றரை மணி நேரத்துல 150 கேள்வி. அப்புறம் மறுதேர்வுல மூணு மணி நேரம் கொடுத்தாங்க.

அம்மா: கேட்கவே வயித்தைக் கலக்குது

பிரியா அக்கா: திவ்யா, உன் டிகிரில என்ன பேர் போட்டிருக்கு? வெறும் மேத்ஸா?

திவ்யா: மேத்ஸ் வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்

பிரியா அக்கா: பி.எட் ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி, அது பி.எஸ்சி மேத்ஸுக்குச் சமம்னு இணைத்தன்மை அரசாணை இருக்கான்னு உங்க காலேஜ் ஆபீஸ்ல கேளு. என் ஃப்ரெண்டு எல்லாத் தேர்வும் பாஸ் பண்ணிட்டு இந்தப் பேர் தகராறுலதான் மாட்டினா.

திவ்யா: நாளைக்கே போறேன். அக்கா, தமிழ் வழில படிச்சவங்களுக்கு வேலைல 20% இட ஒதுக்கீடு இருக்காமே? பிளஸ் டூ வரைக்கும் நான் தமிழ் மீடியம்தான்

பிரியா அக்கா: காலேஜ் இங்கிலீஷ் மீடியம்தானே? அப்ப வராது. பள்ளிக்கூடத்துல இருந்தே மொத்தமும் தமிழ்ல இருக்கணும்.

அம்மா: சாந்தி அக்காவுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்ல. சீனியாரிட்டில போனாங்க, நிம்மதியா இருக்காங்க.

பெரியம்மா: யாரு சொன்னா நிம்மதின்னு? நானும் டெட் எழுதணும்.

சித்தப்பா: என்னது??

பெரியம்மா: 2025 செப்டம்பர் 1 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு தம்பி. டெட் எழுதாம வேலைக்கு வந்தவங்களுக்கு. ரிட்டயர்மென்டுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கிறவங்க எல்லாரும் ரெண்டு வருஷத்துக்குள்ள பாஸ் பண்ணணும், இல்லன்னா வேலைல இருக்க முடியாது. அஞ்சுக்குக் கீழ இருக்கிறவங்க தப்பிச்சாங்க, அவங்களுக்கும் பிரமோஷன் கிடையாது. எனக்கு இன்னும் 11 வருஷம் இருக்கு.

சித்தப்பா: இருபது வருஷம் பாடம் எடுத்தவங்களுக்குப் பரீட்சையா? அநியாயம் அண்ணி

பெரியம்மா: எனக்கும் வருத்தம்தான். ஆனா ஸ்டாஃப் ரூம்ல உட்கார்ந்து புலம்பறதைவிட ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுக்கிறது நல்லது. கோச்சிங் நோட்ஸெல்லாம் அதுக்கப்புறம்.

திவ்யா: பெரியம்மா நீங்க சோஷியல் சயின்ஸ் தானே எடுப்பீங்க? தமிழ், சைக்காலஜி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். சேர்ந்து படிக்கலாமா

பெரியம்மா: ஞாயித்துக்கிழமை வா. சைக்காலஜி எங்க பிரியா நடத்துவா. சாப்பாடு இங்கேயே.

பிரியா அக்கா: அம்மா, என்னைக் கேட்காமயே டைம் டேபிள் போட்டாச்சா 😄 சரி வா திவ்யா. வரும்போது அந்த ஆபீஸ் பதிலோட வா.

அம்மா: அந்த வெளி மாநில ஆளுக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். அட்வான்ஸ் எதுவும் கொடுக்கல, பயப்படாதீங்க.