சீலிங் அடிக்க முதல் வெக்கை எங்கேயிருந்து வருகிறது என்று எப்படிப் பார்க்கலாம்?

பரந்தன்சந்தி:
கிளிநொச்சிக்குக் கிட்ட வீடு. சீமெந்துக் கல்லுச் சுவர், மேலே அஸ்பெஸ்டஸ் சீற். பகலில் வெக்கை என்றால் வேம்புக்குக் கீழே கதிரையைப் போட்டுவிடலாம், ஆனால் இரவு பத்து மணிக்கும் படுக்கை அறைக்குள் போக முடியவில்லை, ஃபான் சூட்டுக் காற்றைத்தான் சுத்துகிறது, அம்மா பாயோடு விறாந்தைக்கே வந்துவிட்டா. சீலிங் வேலை செய்கிற பாஸ் ஒருவர் வந்து அளந்து, சீலிங் அடித்து மேலே வெள்ளித்தாள் மாதிரி ஒன்றும் விரிக்கச் சொன்னார். சொன்ன காசு பெரிசு. போட்ட பிறகும் இப்படியே இருந்தால்?

பழைய ஓவசியர்:
தம்பி, பாஸ் வந்தது மத்தியானமா? அந்த நேரத்துக்கு அவர் சொன்னது சரி. ஆனால் நீங்கள் அவதிப்படுவது இரவில். சீற் மெல்லியது, பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். ஆறு அங்குலக் கல்லுச் சுவர் அப்படியில்லை, பின்னேரம் குடித்த வெயிலை இரவில் உள்ளே விடும். எட்டரைக்கு மேசையில் ஏறி சீற்றின் அடியைத் தொட்டுப் பாருங்கள் (சுரண்ட வேண்டாம், அந்தத் தூசு கூடாது), பிறகு நாலு சுவரிலும் உள்ளங்கையை வையுங்கள். கருவி வேண்டுமென்றால் மெக்கானிக்மார் இஞ்சினின் சூடு பார்க்கப் பிடிக்கிற, துவக்கு மாதிரியான வெப்பமானி. கொரோனா நேரம் நெற்றியில் பிடித்தது சரிவராது, அது உடம்புச் சூட்டுக்கு மட்டும். தகரக் கூரைக்காரர் யாராவது வாசித்தால்: மினுங்குகிற தகரத்தில் அது குறைத்துக் காட்டும், கறுப்பு ரேப் ஒட்டி அதன்மேல் பிடியுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து:
எங்களுக்கு இங்கே கனடாவில் தலைகீழ், சூடு வெளியே போகிறது. கூரைக்குள் சூட்டை மறிக்கிற பஞ்சைக் கூட்டுவதற்கு முன் ஓராள் வந்து வாசல் கதவில் பெரிய ஃபான் பூட்டி வீட்டுக் காற்றை வெளியே இழுத்தார், அப்போது எந்த நீக்கலால் குளிர் உள்ளே வருகிறது என்று புகை காட்டிக் கொடுத்தது. பஞ்சு போதாது என்றுதான் நான் நினைத்திருந்தேன், பார்த்தால் மேலே ஏறுகிற மூடியைச் சுற்றி விரல் போகிற இடைவெளி! மற்ற ஜன்னல்களுக்கு நான் சாமித்தட்டு ஊதுபத்தியைப் பிடித்தேன், மனிசி இன்னும் பகிடி பண்ணுகிறா. நீங்களும் முகட்டுக்குக் கீழே ஒன்று பிடித்துப் பாருங்கள், புகை வெளியே போகிறதா என்று.

பரந்தன்சந்தி:
பார்த்தேன் அண்ணை. சீற் ஆறிவிட்டது. மேற்குச் சுவரில்தான் இப்பதான் சோறு வடித்த பானை மாதிரி சூடு, அதிலும் வெளியே பப்பாசி நிழல் விழுகிற பக்கம் மட்டும் கைக்குக் குளிர்கிறது. ஊதுபத்திப் புகை மேலே போய் அப்படியே நிற்கிறது. வௌவால் வருகிறதென்று முகட்டுச் சுவர் ஓட்டைகளைப் பொலித்தீன் அடித்து மூடினது நான்தான்.

பழைய ஓவசியர்:
ஹா. பொலித்தீனைக் கழற்றி வலை அடியுங்கள், வௌவாலும் வராது. மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கிடுகு கட்டுங்கள், மூன்று நாள் கழித்து அதே நேரம் தொட்டுப் பாருங்கள். சீலிங்கை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில், அப்போது பகல் வெயில் முழுக்கக் கூரைக்குத்தான். அடிக்கும்போது மரத்தில் தொங்க விடுங்கள், சீற்றில் துளை போட விடாதீர்கள். வெள்ளித்தாளின் மினுங்கிற பக்கம் கீழே பார்க்க வேண்டும், அதற்கும் சீலிங்குக்கும் நடுவில் ஒரு அங்குலமாவது வெளி இருக்க வேண்டும். ஒட்டிப் போட்டால் போட்டும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

பரந்தன்சந்தி:
சரி அண்ணை, நாளைக்குக் கிடுகு ஏற்றப் போகிறேன். பாஸுக்கு என்ன சொல்கிறது என்றுதான் யோசிக்கிறேன்.