எந்த லினக்ஸ் டிஸ்ட்ரோவ (டெபியன், ஃபெடோரா, ஆர்ச், மின்ட் மாதிரி லினக்ஸ் ரகம்) விட்டு எதுக்கு ஓடினீங்க? வடசென்னை ஆளுங்க சொல்லுங்க

தண்டையார்பேட்டை டிடிபி
பழைய டிஸ்ட்ரோ பேர் சொல்லல, சொன்னா அதுக்கே தனி சண்டை ஓடும். கடைல ரொம்ப வருஷமா அதான் ஓடிக்கினு இருந்துச்சு, வழக்கமா வர்ற அப்டேட்தான் வந்துச்சு, கெர்னல் (சிஸ்டத்தோட அடித்தளம்) மாறிச்சு, காலைல ஷட்டர தூக்கி சிஸ்டத்த போட்டா திரை கருப்பு, மேல இடது மூலைல ஒரே ஒரு கோடு மட்டும் மினுக் மினுக்குனு. எதிர்ல ஒரு அம்மா, கைல காதுகுத்து பத்திரிகை ப்ரூஃப், பேத்தி பேரு தப்பா கீது மாத்திக் குடுன்னு நிக்கிறாங்க. எட்டிப் பாத்துட்டு "இன்னாபா, கரண்டு கீது, ஃபேன் சுத்துது, உன் பொட்டி மட்டும் ஏன் எரியல?"ன்னாங்க. பின்னால நின்ன பசங்க சிரிச்சுட்டானுங்க. கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அடிச்சு, வெறும் எழுத்து மட்டும் வர்ற திரை வழியா உள்ள போனா ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கு, கிராஃபிக்ஸ் டிரைவர்தான் படுத்துடுச்சு. பென்டிரைவ்ல ஏத்தி பக்கத்து கடைக்கு அந்தம்மாவ நானே கூட்டிக்கினு போனேன், அங்க விண்டோஸ். அந்தாளு சிரிச்ச சிரிப்பு இருக்கே, இன்னும் எரியுது. ராத்திரியே டெபியன் 12 போட்டேன். 12லேந்து வைஃபை ஃபர்ம்வேர் (வைஃபை சிப்ப ஓட்டுற சின்ன சாஃப்ட்வேர்) இன்ஸ்டாலரோடவே வருது, முன்ன மாதிரி தனியா தேடி அலைய வேணாம்.

கொருக்குப்பேட்டை
எனக்கு தமிழ் டைப்பிங். தங்கச்சி தமிழ்99 கீபோர்டு முறைல பறப்பா. ஒரு அப்கிரேடுக்கு அப்பறம் லாகின் பண்ற ஒவ்வொரு தடவையும் கீபோர்டு இங்கிலீஷுக்கு ஓடிடும், நானும் ஐபஸ்ஸ (தமிழ்ல அடிக்க வைக்கிற ப்ரோக்ராம்) எடுத்து எடுத்து திரும்ப போட்டு பாத்துட்டேன். ஆயாவுக்கு முதியோர் உதவித்தொகை மனு அடிக்கிறா, தலைய குனிஞ்சு பேப்பர பாத்துக்கினே அடிச்சவ நிமிந்து பாத்தா "அம்மா"ன்னு வர வேண்டிய எடத்துல, அதுக்கு அமுக்குற கட்டையோட இங்கிலீஷ் எழுத்து, ஏ கே கே க்யூ. முழு பாராவும் அப்படியே. ஒண்ணும் பேசல, மனுவ கையால எழுத உக்காந்துட்டா. இப்ப ஃபெடோரா, டெஸ்க்டாப் கேடிஇ, ஐபஸ்ஸுக்கு பதிலா எஃப்சிஐடிஎக்ஸ்5, நிம்மதி.

வியாசர்பாடி ஆர்ச்
ஃபெடோராவா? ஒரு ரிலீஸுக்கு சுமார் 13 மாசம்தான் சப்போர்ட், அப்பால மறுபடி அப்கிரேட், மறுபடி ஏ கே கே க்யூ. டெபியன் ஆளுக்கு, 12 வந்தது 2023ல தலைவா, பேக்கேஜ் (அதுல வர்ற சாஃப்ட்வேர்) எல்லாம் அந்த காலத்துலயே நிக்குது. நான் புது சாஃப்ட்வேர் வேணும்னு வெளி ரெப்போவா (சாஃப்ட்வேர் கிடங்கு) சேத்து சேத்து, வெர்ஷன் மாத்துற அன்னிக்கு ஆப்ட் (சாஃப்ட்வேர் ஏத்துற கமாண்டு) பக்கம் பக்கமா செவப்பு எழுத்த கொட்டிச்சு. எங்கப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சு ஹார்பர்லேந்து வந்து பின்னால நிக்கிறாரு. "இதுக்கு உனக்கு சம்பளம் குடுக்கறானுங்களாடா?" அன்னிக்கே ஆர்ச். வெர்ஷன்னே ஒண்ணு கிடையாது, அப்கிரேட் பயமும் கிடையாது.

தண்டையார்பேட்டை டிடிபி
தினம் தினம் அப்டேட் வரும், அதுக்கு பேரு பயம் இல்லயா? எனக்கு புது பேக்கேஜ் வேணாம்பா, பத்திரிகை வெளிய வந்தா போதும்.

ராயபுரம் பெருசு
எனக்கு பெருசா கதை இல்ல, மின்ட்ல இருக்கேன், பேரன் யூடியூப் பாப்பான். ஆனா ஒண்ணு சொல்லணும். டிஸ்ட்ரோ மாத்துறதுக்கு முன்னாடி ஹோம (உங்க ஃபைல் எல்லாம் இருக்குற ஃபோல்டர்) டிஸ்க்ல தனி பார்ட்டிஷனா வையுங்க, அப்பதான் எத்தன தடவ மாத்தினாலும் ஃபைலு அங்கயே கிடக்கும். வென்டாய்னு ஒரு பூட் கருவி போட்ட பென்டிரைவ் ஒண்ணு வச்சுக்கோங்க, நாலு ஐஎஸ்ஓவ (டிஸ்ட்ரோவோட இன்ஸ்டால் ஃபைல்) அப்படியே காப்பி பண்ணி போடலாம், ஒவ்வொண்ணுக்கும் எழுதி எழுதி அழிக்க வேணாம். லைவ்ல, அதாவது இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்லேந்தே, பூட் பண்ணி வைஃபை, சவுண்டு, பிரிண்டர் மூணும் பாருங்க, முக்கியமா பிரிண்டர், ஜெராக்ஸ் கடைல இருக்குற பழைய லேசர் சிலதுக்கு கம்பெனி டிரைவர் 32-பிட் லைப்ரரி கேக்கும். மின்ட்னா டைம்ஷிஃப்ட் (சிஸ்டத்த பழைய நிலைக்கு திருப்புற கருவி) கூடவே வருது, அப்டேட்டுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துட்டா கவலையே இல்ல. டிடிபி தம்பி, சிஸ்டம் போட்டதும் வர்ற க்ரப் மெனுல அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்க்கு போயி பழைய கெர்னல்ல பூட் பண்ணிருந்தா அந்தம்மாவ அனுப்பவே வேண்டியதில்ல.

தண்டையார்பேட்டை டிடிபி
பெருசு, அத பண்ணாமயா இருப்பேன்? பழைய கெர்னல்லயும் அதே கருப்புதான். கதை கேட்டா பாடம் எடுக்கறீங்களே.

எர்ணாவூர்
நடுவுல வரேன், மன்னிக்கணும். ஸ்கூல்ல அரசு குடுத்த லேப்டாப்ல பாஸ் லினக்ஸ் இருந்துச்சு, அதுவும் டெபியன்லேந்து வந்ததுதான், லினக்ஸ்னு நான் மொதல்ல பாத்ததே அதுலதான். இப்ப அக்காவோட பழைய நெட்புக் ஒண்ணு கெடக்கு, அதுல இருக்குறது பிரவுசர தொறந்தாலே உறைஞ்சு போவுது, நேத்து அவ ஆன்லைன் ஃபார்ம்ல கடைசி பட்டன அமுக்குற நேரத்துல மவுஸ் அம்பு நடுவுலயே நின்னுடுச்சு, அழுவாத குறை. டெபியன் 13 தாங்குமா?

தண்டையார்பேட்டை டிடிபி
மொதல்ல டெர்மினல்ல எல்எஸ்சிபியு அடிச்சு ப்ராசஸர் 32-பிட்டா 64-பிட்டான்னு பாரு. 32-பிட்னா 13க்கு இன்ஸ்டாலரே கிடையாது, 12தான். 64னா 13ஏ போடலாம், டெஸ்க்டாப் மட்டும் லேசான எக்ஸ்எஃப்சிஇ. ஆர்ச் காரன்கிட்ட கேக்காத, அவங்க 32-பிட்ட 2017லயே கை விட்டுட்டாங்க.

வியாசர்பாடி ஆர்ச்
ஆர்ச் லினக்ஸ் 32னு தனியா ஒண்ணு ஓடுது, அது தெரியாம பேசாத.