ஒரே செய்தி, வேறு முகம்: உங்கள் கண்ணில் உறுத்திய ஒன்றை எழுதுங்கள்

வெள்ளவத்தை_வாசகி
எனக்கு அந்த 359தான். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுத் தாக்குதல் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. உயிரிழந்தோர் தொகை 359 என்று தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. 25ஆம் திகதி இரவு சுகாதார அமைச்சு அதை 253 அளவுக்குக் குறைத்தது. உடல்கள் சிதைந்திருந்ததால் சிலவற்றை இரண்டு தடவை எண்ணியிருக்கலாம் என்றார்கள். நூறுக்கு மேல் வித்தியாசம்! திருத்தம் தனிச் செய்தியாகப் புதிய இணைப்பில் வந்தது. பழைய செய்திகளைத் திறந்து எண்ணை மாற்ற, அல்லது மேலே ஒரு குறிப்புப் போட, பல இடங்களில் யாரும் மினக்கெடவில்லை. அதனால் இன்றைக்குத் தேடினாலும் 359 வந்து நிற்கிறது. அதை எடுத்துக் கட்டுரை எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பக்கம்_மூன்று
அது அவசரத்தில் வந்த பிழை. அவசரமே இல்லாமல் தினமும் நடப்பது ஒன்று இருக்கிறது: நீதிமன்றச் செய்தி. ஆறு பந்தி என்று வையுங்கள். முதல் இரண்டும் பொலிஸார் தாக்கல் செய்த பி அறிக்கை, அதாவது விசாரணை பற்றி அவர்கள் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை. மூன்றாவது நீதவானின் விளக்கமறியல் உத்தரவு. நாலாவது சந்தேகநபரின் வயது, ஊர். சட்டத்தரணியின் ஆட்சேபம் ஐந்தாவதில், பிணை மனுத் திகதி ஆறாவதில். மாலையில் ஒரு மரண அறிவித்தலோ விளம்பரமோ வந்தால் பக்கத்தில் இடம் போதாது. வெட்டுவது எப்போதும் கீழிருந்துதான், போவது அந்த ஐந்தும் ஆறும்தான். யாரும் யாரையும் மறைக்க நினைக்கவில்லை, ஆனாலும் அச்சில் வந்தது பொலிஸ் தரப்பு மட்டும். நிருபர் எழுதும்போதே சட்டத்தரணியின் ஒரு வரியை இரண்டாம் பந்தியில் வைத்துவிட்டால் எவ்வளவு வெட்டினாலும் அது தப்பும். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

கொட்டாஞ்சேனை_73
பக்கம்_மூன்று, "யாரும் நினைக்கவில்லை" என்று இவ்வளவு சுலபமாக முடித்துவிடாதீர்கள். 2019 மே 23, ஒரு சிங்கள நாளேட்டின் முதற்பக்கம். வைத்தியர் ஒருவர் 4000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்துவிட்டார் என்ற செய்தி. இது கீழே வெட்டிய கதையா? பிழை உச்சியிலேயே இருந்தது. அடுத்த நாள் குருநாகல் வைத்தியர் கைதானார். அதற்குப் பிறகுதான் நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுக்க வந்தார்கள், அந்த முறைப்பாட்டுத் தொகை அடுத்தடுத்த நாள் செய்தியானது. அதாவது செய்தி முறைப்பாட்டை உண்டாக்கியது, முறைப்பாடு செய்திக்குச் சாட்சியானது. கருத்தடைக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னபோது அந்த 4000 வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது. எனக்கு இதில் கோபம் இன்னும் ஆறவில்லை.

புறக்கோட்டை_கணக்கு
நான் இனம், பொலிஸ் பக்கம் போகவில்லை. மாதக் கடைசியில் வரும் பணவீக்கச் செய்தி. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம், 2023 செப்டெம்பரில் 1.3. திரையில் ஒரு பெரிய கம்பமும் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பமும் காட்டி "பொருட்களின் விலை வீழ்ச்சி" என்று ஒரு வாசிப்பு. கணக்கைப் பாருங்கள்: 2021இல் 100 ரூபா கொடுத்து வாங்கியது அடுத்த வருடம் 169.80. அதன்மேல் 1.3 சதவீதம் ஏறினால் 172 ரூபா. ஏறுகிற வேகம்தான் குறைந்தது, விலை அங்கேயே நிற்கிறது. சனங்கள் கடைக்காரனோடு சண்டை பிடித்ததற்கு இப்படியான தலைப்புகளும் காரணம். கம்பத்துக்குப் பதிலாகச் சுட்டெண்ணையே கோடாகப் போட்டிருந்தால் மேலே ஏறி அப்படியே தட்டையாகப் போவது ஒரு பார்வையில் விளங்கும். இன்னொன்று, இந்தச் சுட்டெண் கொழும்பு மாவட்டத்து நகர வீடுகளுக்கானது. முழு நாட்டுக்குமான தேசிய சுட்டெண் வேறு, அது அடுத்த மாதம் 21ஆம் திகதி அளவில்தான் வரும். முதலாவதைக் காட்டி "நாட்டின் பணவீக்கம்" என்றால் முல்லைத்தீவுக்காரருக்கு அது பொருந்தாது.

மருதானை_வாசிகசாலை
எல்லோரும் பிழையைச் சொல்கிறீர்கள், பிடிப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

ஒரு சம்பவத்தை எடுங்கள், அதே நாள் பத்திரிகைகள் மூன்று வாங்குங்கள்: தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஒவ்வொன்று. சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்துங்கள். பேனையால் மூன்று நிறத்தில் கோடு: பொலிஸ் அல்லது அமைச்சு சொன்னது சிவப்பு, பாதிக்கப்பட்டவர் சொன்னது நீலம், யார் சொன்னது என்றே இல்லாதது கறுப்பு. கறுப்பு அதிகமான செய்தியை அன்றைக்கு யாருக்கும் அனுப்பாதீர்கள். பிறகு படம். படத்தின் கீழ் திகதியும் இடமும் இல்லையென்றால் பழைய கோப்புப் படமாக இருக்கலாம், கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். ஓரம் வெட்டிய படத்தின் முழு வடிவமும் சிலவேளை அதில் அகப்படும். சந்தேகநபரின் இனமோ மதமோ தலைப்பில் இருந்தால், அதே பத்திரிகை அதே வகைக் குற்றத்துக்கு மற்றவர்களை எப்படி எழுதியது என்று பழைய இதழ்களில் தேடுங்கள். கொழும்பு 7 தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. கடைசியாக, யாருடைய பத்திரிகை என்று பாருங்கள். தினகரன் வெளியிடும் லேக் ஹவுஸ் நிறுவனம் 1973 சட்டத்தால் அரசின் கைக்குப் போனது. பங்குகளைப் பொதுமக்களுக்குப் பிரித்துக் கொடுக்க அந்தச் சட்டமே சொன்னது, இன்றுவரை அது நடக்கவில்லை.

கொட்டாஞ்சேனை_73
வாசிகசாலை அண்ணன், அரச பத்திரிகையை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். தனியார் பத்திரிகைக்கு அரச விளம்பரம் ஒரு கடிவாளம். அதைப் பார்க்க வழி இருக்கிறது: 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் சட்டத்தின் கீழ் விளம்பரம் கொடுக்கும் ஒவ்வொரு அரச நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கும் விளம்பரச் செலவைக் கேட்டுத் தனித்தனியாக எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். "பத்திரிகை வாரியாக, மாத வாரியாக, ரூபாவில்" என்று விண்ணப்பத்திலேயே போடுங்கள். போடாவிட்டால் வருடத்து மொத்தத் தொகையை ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள்.